இருப்பிடம் தெரியாது

பொன்செல்விக்கு வேலை போய் மூன்று மாதமாகிறது. திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பதினோரு வருஷம் அவள் பில் போட்ட ஜவுளிக்கடைக்குப் புது முதலாளியும் புது கம்ப்யூட்டரும் ஒரே மாதத்தில் வந்ததும், ஐந்து பெண்களை ஒரே நாளில் கையெழுத்து வாங்கி அனுப்பியதும் நமக்குத் தெரிந்த கதை. போன வியாழக்கிழமை அவள் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டு ஒரு விண்ணப்பத்தோடு வீடு திரும்பினாள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் மாமியாரிடம் சொல்லவில்லை.

சொல்லக்கூடியதாகவும் அது இல்லை.

அன்றைக்குக் கவுண்ட்டரில் இருந்த பிந்து மேடம் அவளுடைய அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பத்தொன்பது வயதில் பதிந்த அட்டை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்த முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. கடைசி முத்திரைக்குக் கீழே வெறும் கட்டம்.

"ஏழு வருஷம் முன்னே புதுக்கியிருக்கணும் சேச்சி. எந்தே புதுக்காதது?"

ஏழு வருஷத்துக்கு முன்பு, அந்த மாதத்தில்தான் மஸ்கட்டிலிருந்து அவள் கணவன் மகாராஜாவின் போன் நின்றது. அந்த மாதம் அவள் எதையும் புதுப்பிக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்தாளா என்றுகூட நினைவில்லை.

"மறந்துபோச்சு மேடம்."

"சீனியாரிட்டி போயல்லோ." பிந்து உண்மையாகவே வருத்தப்பட்டாள். "வேலையில்லாதவங்களுக்கு உள்ள வேதனமும் கிட்டாது. அதுக்கு வயசு கழிஞ்சு." கொஞ்சம் யோசித்தாள். "தனியா இருக்கிற பெண்களுக்கு ஒரு சுயதொழில் லோன் உண்டு. பாதி அரசாங்கமே அடைக்கும். சேச்சி விதவையா?"

"இல்ல."

"டிவோர்ஸ்?"

"இல்ல."

"கல்யாணம் கழிக்காததோ?"

"ஆயிருக்கு."

பேனா நின்றது. "பின்னே?"

பொன்செல்வி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. அவள் கவுண்ட்டர் கம்பிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"விட்டுட்டுப் போயிட்டாரு."

பிந்து தலை நிமிராமல் நான்காவது கட்டத்தில் ஒரு டிக் அடித்தாள். அவ்வளவுதான். அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"வில்லேஜ் ஆபீஸ்ல இருந்து சர்ட்டிபிகேட் வேணும். அவங்க வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. கணவர் வீட்டு ஆள் ஒருத்தர் ஒப்பு போடணும், கையெழுத்து. பக்கத்து வீட்டு ஆள் ஒருத்தரும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கமிட்டி. அதுக்குள்ள கொண்டு வந்தா நல்லது. இல்லேன்னா மூணு மாசம் கழிஞ்சுதான் அடுத்தது."

கணவர் வீட்டு ஆள் என்று உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

*

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீவராகத்தில் குளத்துக்குப் போகிற சந்தில், வாடகை ஓட்டு வீட்டின் பின்கட்டில் மாமியார் பார்வதியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. புருஷன் சாலைத் தெரு அரிசிக்கடையில் மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்தார். ஒரே மகன். அந்த மகன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக நல்ல நிலைமையில் இருக்கிறான் என்றுதான் சந்தில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நினைக்க வைத்தது பார்வதியம்மாள். அதற்கு உடந்தையாக இருந்தவள் பொன்செல்வி. போன ஓணத்துக்கு அவள் கடையிலிருந்து விலை குறைத்து வாங்கிவந்த, ஜரிகைக் கரை போட்ட கசவுச் சேலையை, "எம்மவன் அனுப்பினான்" என்று பார்வதியம்மாள் பக்கத்து வீட்டு ஓமனாவிடம் காட்டினாள். பொன்செல்வி அப்போது அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

"அத்தே, இன்னைக்கு வில்லேஜ் ஆபீஸ்ல இருந்து ஒரு ஆள் வரும்."

"என்னத்துக்கு?"

"ஒரு சர்ட்டிபிகேட்டு. லோனுக்கு."

"வருமானச் சர்ட்டிபிகேட்டா?"

பொன்செல்வி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான்கு நாளாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தே. எனக்குன்னு யாரும் இல்லன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு."

பார்வதியம்மாளின் விரல் கீரைக் காம்பில் அப்படியே நின்றது.

"நான் இருக்கேனே?"

"நீங்க இருக்கிய. அவுக இல்லல்லா."

பார்வதியம்மாள் மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசி, நல்ல முண்டு ஒன்றை உடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கையில் அந்தப் பழைய பட்டன் போன் இருந்தது. சாமி கும்பிடப் போனாலும், குளத்துப் பக்கம் நடக்கப் போனாலும் இந்த மூன்று மாதமாக அதை எடுத்துக்கொண்டுதான் போகிறாள். வயசானவள், வழியில் ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிட வேண்டுமே என்று பொன்செல்வி நினைத்திருந்தாள்.

*

ஷீஜா பதினொரு மணிக்கு வந்தாள். வில்லேஜ் ஆபீஸில் ஃபீல்டு வேலை பார்க்கிறவள். வெயிலில் நடந்து சிவந்த முகம், தோளில் ஃபைல் பை. ஒரு தம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, சாட்சிக்கு ஓமனாவையும் கூப்பிடச் சொன்னாள். ஓமனா ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, பொன்செல்வியோட கணவர் உங்க மகன்தானே?"

"ஆமா."

"பேரு?"

"மகாராஜா."

"எங்க இருக்கார்?"

ஓமனா முந்திக்கொண்டாள். "மஸ்கட்ல அல்லே? ஓணத்துக்குச் சாரி அயச்சதல்லே?"

ஷீஜா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொன்செல்வியைப் பார்த்தாள். பொன்செல்வி தரையைப் பார்த்தாள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு எறும்பு கீரைத் துணுக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது. முடிந்தது, இவ்வளவுதான், என்று அவள் நினைத்தாள். மாமியார் சேலை விஷயத்தை ஆமாம் என்பாள். எப்படி இல்லை என்பாள்? அந்தச் சேலையை வைத்துத்தானே ஒரு வருஷம் தலை நிமிர்ந்து நடந்தாள்.

"அந்தச் சேலை இவ எடுத்தது," என்றாள் பார்வதியம்மாள்.

கடையில் சாமான் கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

"எம்மவன் போயி ஒன்பது வருஷம். ஏழு வருஷமா ஒரு தகவலும் கெடையாது. எங்க இருக்கான், என்ன செய்யுதான், ஒண்ணும் தெரியாது. இவளை விட்டுட்டுப் போயிட்டான். எழுதிக்கோ மக்கா."

ஷீஜா எழுதினாள். ஓமனா வாயைப் பொத்திக்கொண்டாள். பார்வதியம்மாள் காகிதத்தைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்து, 'பா'வன்னாவில் ஆரம்பித்து ஒவ்வொரு எழுத்தாகக் கோத்துத் தன் பெயரைத் தமிழில் எழுதினாள். அதை எழுதி முடிக்கும் வரை அந்த அறையில் யாரும் அசையவில்லை.

"சேச்சி, மூணரை மணிக்கு ஆபீஸுக்கு வாங்க. உங்க ஒப்பு அங்க போடணும். இன்னைக்கே சார்கிட்ட வாங்கித் தாரேன்," என்று சொல்லிவிட்டு ஷீஜா போனாள். ஓமனாவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது பொன்செல்வியின் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். அந்த அழுத்தம் பொன்செல்விக்குப் பிடிக்கவில்லை. நாளைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிடும்.

ஆனால் மாமியார் தனக்காகச் செய்ததை நினைத்தபோது நெஞ்சு நிறைந்துபோயிற்று. கல்யாணமாகி வந்த இந்தப் பதினேழு வருஷத்தில் அந்தக் கிழவி ஒருமுறைகூட மகனைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. இன்றைக்கு ஊர் கேட்கச் சொல்லிவிட்டாள்.

"அத்தே, வாங்க. சாப்பிடுவோம்."

"நீ சாப்பிடு."

"கீரை ஆறுது."

"எனக்கு வேண்டாம் செல்வி."

பொன்செல்வி அவள் காலடியில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும் அத்தே, உங்களுக்கு எப்பிடி இருக்கும்னு. அந்த ஓமனா முன்னாடி..."

"அதில்ல." பார்வதியம்மாள் போனைக் கட்டிலில் வைத்தாள். "நான் பொய் ஒப்பு போட்டிருக்கேன்."

"பொய்யா?"

"விட்டுட்டுப் போனான்னு சொன்னது பொய்யில்ல. தகவல் இல்லன்னு சொன்னது பொய்." மூச்சு வாங்கியது. "போன ஞாயித்துக்கெழம பேசினான்."

பொன்செல்விக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யார் பேசினான் என்றுகூடக் கேட்கப் பார்த்தாள்.

"நாலு வருஷமா பேசுதான். மாசத்துல ஒருக்கா. நீ கடைக்குப் போன பொறவு. இப்போ நீ வீட்டுல இருக்கியேன்னு குளத்துப் பக்கம் போயிப் பேசுதேன்."

"மஸ்கட்ல இருந்தா?"

"வந்து நாலு வருஷமாச்சாம். கொல்லத்துல இருக்கானாம்."

கொல்லம். தம்பானூரில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். கடை லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமைகளில், மஸ்கட்டுக்கும் நமக்கும் எத்தனை மணி நேர வித்தியாசம், இப்போது அங்கே விடிந்திருக்குமா என்று கணக்குப் போட்டபடி படுத்துக்கிடந்தவள் அவள்.

"என்னைப் பத்திக் கேட்டாரா?"

பார்வதியம்மாள் முண்டின் நுனியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு வருஷத்துல ஒரு தடவையாவது?"

"நான் சொல்லுவேன். செல்வி நல்லா இருக்கான்னு. அவன் ம்னு சொல்லுவான்."

"ஏன் அத்தே எங்கிட்ட சொல்லல?"

பார்வதியம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னா நீ போயிருவே. ஒண்ணு அவன்கிட்ட சண்டைக்குப் போவே, இல்ல கல்யாணத்தைத் தீத்துட்டு ஒன் அண்ணன் வீட்டுக்குப் போவே. எனக்கு யாரு இருக்கா? அவன் கூட்டிட்டுப் போறேன்னு ஒரு நாளும் சொல்லல. எந்த எடம், எந்தத் தெருன்னு கேட்டா போனை வச்சிருவான். நீ ஒருத்திதான் சாயங்காலம் ஆறரை மணிக்கு இந்த வீட்டுக்குள்ள வருவே."

பொன்செல்வி எழுந்து அடுக்களைக்குப் போனாள். சோற்றை ஒரு தட்டில் போட்டாள். கீரையை ஊற்றினாள். கொண்டுவந்து கட்டிலில் மாமியாருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்த நம்பரைத் தாங்க."

*

வில்லேஜ் ஆபீஸில் நான்கு மணிக்குக் கூட்டம் குறைந்திருந்தது. வழி நெடுக, உண்மையைச் சொல்லத்தான் போகிறேன் என்று பொன்செல்வி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். அரசாங்கக் காகிதத்தில் பொய் எழுதக்கூடாது. அது சரிதான். ஆனால் அது மட்டும் இல்லை. அவனை யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அண்ணன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, பெற்றவள் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் கேட்க வேண்டும்.

ஷீஜா தட்டச்சு செய்த காகிதத்தை நீட்டினாள். மலையாளத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான், சிரமமில்லாமல் வாசித்தாள். 'மேற்படி கணவர் ஏழு ஆண்டுகளாக விண்ணப்பதாரரைக் கைவிட்டுள்ளார். அவருடைய இருப்பிடம் தெரியாது.'

"மேடம், எனக்கு ஒரு நம்பர் கிட்டியிருக்கு. மத்தியானம்தான் தெரிஞ்சுது. கொல்லத்துல இருக்காராம்."

ஷீஜா பேனாவை எடுத்தாள். "அட்ரஸ்?"

"தெரியாது."

"சேச்சி, அட்ரஸ் தெரிஞ்சா நோட்டீஸ் அனுப்பணும். பதில் வரணும். இந்த வெள்ளிக்கிழமை நடக்காது. மூணு மாசம் போகும்." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க இதைச் சொல்லியிருக்க வேண்டாம்."

"பொய் எழுதக்கூடாதுல்லா மேடம்."

ஷீஜா பெருமூச்சு விட்டாள். மூலையில் இருந்த மேஜைக்கு அவளைக் கூட்டிப் போய் உட்கார வைத்து, தன்னுடைய போனில் அந்த நம்பரை அடித்தாள். ஸ்பீக்கரில் போட்டு ஃபைலின் மேல் வைத்தாள்.

ஏழாவது முறை மணி அடித்தபோது எடுத்தான்.

"ஹலோ, ஆராணு?"

பொன்செல்வியின் இரண்டு கையும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டன. அதே குரல். கொஞ்சம் கனத்திருந்தது. வீட்டில் ஒரு நாளும் மலையாளம் பேசாதவன்.

"திருவனந்தபுரத்தில் வில்லேஜ் ஆபீஸ்ல இருந்தாணு. ஸ்ரீவராகம் பொன்செல்வியோட பர்த்தாவு மகாராஜாவா பேசறது?"

பின்னால் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம். பிறகு போனுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு குழந்தை, மூன்று நான்கு வயசு இருக்கும், "அச்சா, தா... அச்சா" என்று அப்பாவைக் கூப்பிட்டு எதற்கோ அடம்பிடித்தது.

"ஹலோ?" என்றாள் ஷீஜா.

"அல்ல." அவன் தொண்டையைச் செருமினான். "அங்ஙனெ ஒராளெ எனிக்கு அறியில்ல. ராங் நம்பராணு."

போன் அணைந்தது.

மேலே மின்விசிறி கடகடவென்று ஓடியது. ஷீஜா போனை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"சேச்சி," என்றாள் மெதுவாக. "குரல் அவரோடதுதானா? ஆமான்னா நான் எழுதணும். போலீஸ்ல புகார் கொடுக்கலாம், ஃபேமிலி கோர்ட்டுக்குப் போகலாம். அதெல்லாம் உங்க இஷ்டம். ஆனா இந்த லோன் இப்போ நடக்காது."

ஏழு வருஷமாக அவள் மனசுக்குள் அவனிடம் பேசிப் பேசிச் சேர்த்து வைத்த கேள்விகள் எத்தனையோ இருந்தன. சில நாள் கோபமாக, சில நாள் கெஞ்சி, சில நாள் ஒன்றுமே நடக்காதது போல, சாப்பிட்டீங்களா என்று. அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவுக்கு வரவில்லை. அந்தக் குழந்தை என்ன கேட்டு அடம்பிடித்திருக்கும் என்பதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. போனைக் கேட்டிருக்கும். எல்லாப் பிள்ளையும் போனைத்தானே கேட்கும்.

"அவரு இல்ல மேடம்," என்றாள். "ராங் நம்பர்தான்."

ஷீஜா மறுபடி கேட்கவில்லை. பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தாள். 'இருப்பிடம் தெரியாது' என்ற வரிக்குக் கீழே பொன்செல்வி கையெழுத்துப் போட்டாள். அரை மணி நேரத்தில் முத்திரை விழுந்து சர்ட்டிபிகேட் கைக்கு வந்தது. கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து, தம்பானூர் லாட்ஜுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் போடலாம் என்ற அவளுடைய யோசனைக்கு இனி வெள்ளிக்கிழமை கமிட்டி மட்டும்தான் பாக்கி.

சந்தோஷப்பட வேண்டிய சாயங்காலம். பஸ் ஸ்டாப்பில் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, அண்ணனின் பெயரைப் பார்த்தாள். கடையில் கூட வேலை பார்த்த ராகேலின் பெயரைப் பார்த்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? போனைப் பைக்குள் போட்டுவிட்டு, வந்த பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ்ஸையும் விட்டு, நடந்தே வந்தாள்.

*

வீட்டில் விளக்கு போடவில்லை. பார்வதியம்மாள் கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தட்டு தொடாமல் இருந்தது. போனைக் காதில் வைத்து எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி காதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

பொன்செல்வி சுவிட்சைப் போட்டாள்.

"வந்துட்டியா? சர்ட்டிபிகேட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது அத்தே."

"நல்லதா போச்சு." முகத்தில் சந்தோஷம் வந்த மாதிரியே போய்விட்டது. "செல்வி, நான் ஒண்ணு செஞ்சேன், கோவப்படாத. ஒனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட சொல்லிரலாம்னு கூப்பிட்டேன். இனிமே ஒளிச்சுப் பேசாண்டாம், ஒரு நாள் வந்து ரெண்டு பேரையும் பாத்துட்டுப் போலே, வீடு எங்கன்னாவது சொல்லுலேன்னு கேக்கலாம்னு நெனச்சேன்."

"எப்போ கூப்பிட்டிய?"

"அஞ்சு மணியில இருந்து அடிக்கேன். ஒரு பொம்பள மலையாளத்துல என்னமோ சொல்லுதா. சுவிட்ச் ஆஃப்ங்கா. ஒரு நாளும் இப்பிடி சொன்னதில்ல." போனை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். "எனக்குக் கண்ணு தெரியாம நம்பரை மாத்தி அமுக்குதேனோ என்னவோ. நீ கொஞ்சம் அடிச்சுப் பாரு."

நம்பர் சரியாகத்தான் இருக்கும். நான்கு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் அவன் அதை அணைத்துவிட்டான். இனி அந்த நம்பர் எந்த மாதமும் பேசாது. அதற்குக் காரணம் தான்தான் என்பதும், கொல்லத்தில் எங்கேயோ ஒரு வீட்டில் இந்தக் கிழவியின் பேரப்பிள்ளை ஒன்று இருக்கிறது என்பதும், இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"அடிக்கியா மக்கா?"

பொன்செல்வி போனை வாங்கினாள். கட்டிலில் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படியாக, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.